மடக்குக் கத்தியில் பூட்டு எங்கே இருக்கிறது? ஸ்லிப்ஜாயிண்ட் பற்றி ஓர் எளிய விளக்கம்

பழைய பாணி மடக்குக் கத்தி ஒன்றை விரித்தால், கடைசி நேரத்தில் அலகு தானாகவே துள்ளிப் போய் ‘டக்’ என்று நிற்கும். கேட்பவர்களில் பாதிப்பேர் அதைப் பூட்டு விழுந்த சத்தம் என்றே எடுத்துக்கொள்கிறார்கள். “லாக் ஆகிவிட்டது, இனி மடங்காது” என்று சொல்லிக் கத்தியைக் கையில் கொடுப்பவர்களும் உண்டு. உண்மையில் அங்கே பூட்டு என்று எதுவும் கிடையாது. அலகின் முதுகில் விரலை வைத்துச் சற்று அழுத்தினால் அது மடங்கிவிடும்.

இது சின்ன விஷயம் அல்ல. இந்த ஒரு தவறான எண்ணத்தால் விரலை வெட்டிக்கொள்பவர்கள் இருக்கிறார்கள். பழைய கத்திகளைச் சேகரிக்க ஆசைப்பட்டு, எதைப் பார்த்து வாங்குவது என்று தெரியாமல் பளபளப்பை மட்டும் பார்த்து ஏமாறுகிறவர்களும் இருக்கிறார்கள். அந்தச் சத்தம் எப்படிப் பிறக்கிறது என்று புரிந்துகொண்டால் பாதுகாப்பு, தரம், விலை என்று மற்றவற்றில் பெரும்பகுதி பின்னாலேயே வந்துவிடும்.

ஸ்பிரிங் செய்யும் வேலை

வீட்டுச் சுவரில் இருக்கும் மின்சார ஸ்விட்சை நினைத்துக்கொள்ளுங்கள். அதை மெதுவாக அழுத்திக்கொண்டே போனால் பாதி வழி வரை அது எதிர்க்கும். ஒரு கட்டத்தைத் தாண்டியதும் நம் உதவி இல்லாமலே மறுபக்கம் சாய்ந்துவிடும். நடுவில் நிற்காது. உள்ளே இருக்கும் ஸ்பிரிங் இரண்டு இடங்களில்தான் நிம்மதியாக இருக்கும். மற்ற எல்லா இடங்களிலும் அது இறுக்கத்தில் இருக்கிறது, எனவே அந்த இரண்டில் ஏதாவது ஒன்றுக்குத் தள்ளிவிடுகிறது.

மடக்குக் கத்தியிலும் இதேதான் நடக்கிறது. பிடியின் முதுகுப் பக்கம் நீளமாக ஓர் எஃகுப் பட்டை இருக்கும். இதற்கு முதுகு ஸ்பிரிங் என்று பெயர். அதன் நடுவும் பின்முனையும் ஆணியால் பிணைக்கப்பட்டிருக்கும், முன்முனை மட்டும் கட்டின்றி இருக்கும். அந்த முன்முனைக்குக் கீழேதான் அலகின் அடிக்கட்டை உட்கார்ந்திருக்கிறது. கத்திக்காரர்கள் இதை டாங் என்பார்கள். கூர் இல்லாத, சதுரக்கட்டை போன்ற பகுதி அது. அதன் நடுவே சுழலாணி செல்கிறது.

டாங்கின் விளிம்புகள் வட்டமானவை அல்ல என்பதுதான் இதில் முக்கியம். கத்தி மடங்கியிருக்கும்போது டாங்கின் ஒரு தட்டையான பக்கம் ஸ்பிரிங்கோடு படிந்திருக்கும். விரித்திருக்கும்போது இன்னொரு தட்டையான பக்கம் படிந்திருக்கும். நடுவழியில் டாங்கின் மூலை ஸ்பிரிங்கை மேலே தூக்குகிறது. தூக்கப்பட்ட ஸ்பிரிங் திரும்பக் கீழே வரத் துடிக்கும். மூலை தாண்டியதும் அது சட்டென இறங்கித் தட்டையான பக்கத்தின்மேல் அறைகிறது. நாம் கேட்கும் ‘டக்’ அதுதான்.

இந்த அமைப்புக்கு ஸ்லிப்ஜாயிண்ட் என்று பெயர். ஸ்பிரிங்கின் அழுத்தம் மட்டுமே அலகை நிறுத்தி வைக்கிறது. பொத்தான் இல்லை, கொக்கி இல்லை, விடுவிக்க எதுவும் இல்லை. திறக்க எவ்வளவு பலம் தேவையோ, ஏறக்குறைய அதே பலத்தில் மூடிவிடலாம். திறப்பதற்காக அலகின் மேற்பகுதியில் நகம் நுழையும் அளவுக்கு ஒரு கீறல் வெட்டியிருப்பார்கள். அதை நகக்குழி என்று சொல்லலாம்.

சுருக்கமாக: முதுகு ஸ்பிரிங் அழுத்துகிறது, டாங்கின் தட்டையான பக்கங்கள் அந்த அழுத்தத்தை ஏற்று நிற்கின்றன, மூலைகள் நடுவில் எதிர்க்கின்றன.

பூட்டு இல்லாமல் எப்படி நம்பி வெட்டுவது?

ஒரு கொய்யாப்பழத்தை வெட்டும்போது விசை எந்தத் திசையில் வருகிறது என்று பாருங்கள். நாம் கூர்வாயைப் பழத்தின்மேல் அழுத்துகிறோம். பழம் கூர்வாயைத் திருப்பி முதுகுப் பக்கமாகத் தள்ளுகிறது. அது அலகை விரியும் திசைக்கே தள்ளுகிறது, மடங்கும் திசைக்கு அல்ல. அலகு ஏற்கெனவே முழுதாக விரிந்திருப்பதால் அதற்குமேல் போக இடமில்லை. ஆகவே நறுக்குவது, சீவுவது, கயிறு அறுப்பது, பென்சில் சீவுவது எல்லாவற்றுக்கும் ஸ்பிரிங் மட்டுமே தாராளமாகப் போதும்.

சிக்கல் முனையால் குத்தும்போது வருகிறது. தேங்காய்க் கண்ணில் முனையை ஊன்றித் திருகினால், அல்லது டப்பா மூடியை நெம்பினால், விசை எந்தப் பக்கமும் திரும்பலாம். அது அலகின் முதுகின்மேல் விழுந்தால் அலகு விரல்களின்மேல் மடங்கும். இந்தக் கத்தியால் குத்தக்கூடாது, நெம்பக்கூடாது என்று பெரியவர்கள் சொல்வது வெறும் அச்சத்தால் அல்ல. அதன் அமைப்பே அப்படி.

சில கத்திகளில் பாதி மடக்கியதும், அலகு பிடிக்குச் செங்குத்தாக இருக்கும் நிலையில், ஒருமுறை நிற்கும். டாங்கில் மூன்றாவதாக ஒரு தட்டையான பக்கம் இருப்பதே காரணம். இதற்கு அரைநிறுத்தம் என்று பெயர் வைத்துக்கொள்வோம். விரல் அகப்படும் முன் ஓர் எச்சரிக்கை தருவதால் புதியவர்களுக்கு நல்லது. ஆனால் ‘அரைநிறுத்தம் இருந்தால்தான் உயர்ந்த கத்தி’ என்று சொல்வதை நான் ஏற்கமாட்டேன். டாங்கின் மூலையை உருட்டிவிட்டு, நடுவில் நிற்காமல் வழுக்கி ஓடும்படி செய்த அருமையான கத்திகளும் உண்டு. அது விருப்பத்தைப் பொறுத்தது.

பூட்டு உண்டா இல்லையா என்பதைச் சட்டமும் பார்க்கிறது. பிரிட்டனில் 1988ஆம் ஆண்டுக் குற்றவியல் நீதிச் சட்டப்படி, கூர்வாய் 3 அங்குலத்தை (7.62 செ.மீ.) தாண்டாத மடக்குக் கத்தியைக் காரணம் காட்டாமல் பொது இடத்தில் வைத்திருக்கலாம். விரிந்தபின் பூட்டிக்கொள்ளும் கத்தி இந்த விலக்குக்குள் வராது என்று அங்குள்ள நீதிமன்றம் தீர்த்திருக்கிறது. லண்டனில் இருக்கும் நம்மவர்கள் இதைத் தெரிந்துவைத்திருப்பது நல்லது. மற்ற நாடுகளில் விதி வேறு. பயணத்துக்கு முன் அந்தந்த ஊர்ச் சட்டத்தைப் பார்த்துக்கொள்ளுங்கள். விமானத்தில் கைப்பையில் மட்டும் ஒருபோதும் வேண்டாம்.

ஸ்லிப்ஜாயிண்ட் அல்லாத மரபுக் கத்திகள்

மரபான மடக்குக் கத்தி எல்லாமே ஸ்லிப்ஜாயிண்ட் என்று நினைத்துவிடக்கூடாது. பிரான்சின் சவாய் மலைப்பகுதியில் ஜோசஃப் ஒபினெல் 1890இல் செய்யத் தொடங்கிய ஒபினெல் கத்தியில் முதுகு ஸ்பிரிங்கே இல்லை. மரப்பிடியும் சுழலாணியும் உரசும் இறுக்கத்தில்தான் அலகு நிற்கிறது. இந்த வகைக்கு உராய்வுக் கத்தி என்று பெயர். 1955இல் அதன் கழுத்தில் திருகும் வளையம் ஒன்றைச் சேர்த்தார்கள். அதைத் திருப்பினால் அலகு உண்மையாகவே பூட்டிக்கொள்ளும். ஜப்பானின் மிகி நகரத்து ஹிகோனோகாமியும் உராய்வுக் கத்திதான். அதில் டாங் வெளியே வால் போல நீண்டிருக்கும், கட்டைவிரல் அதை அழுத்திப் பிடித்துக்கொள்ளும்.

அலகும் ஸ்பிரிங்கும்: எஃகு ஒன்று, பதம் வேறு

இரும்போடு சிறிதளவு கரிமம் சேர்ந்தால் எஃகு. கத்திக்குப் பயன்படும் கார்பன் எஃகில் கரிமம் ஏறக்குறைய 1 சதவீதம் இருக்கும். அமெரிக்காவில் பரவலாகப் பயன்படும் 1095 என்ற எஃகில் சுமார் 0.95 சதவீதம். இதைச் சிவக்கக் காய்ச்சி எண்ணெயிலோ நீரிலோ தோய்த்தால் மிகக் கடினமாகும், கூடவே கண்ணாடி போல உடையவும் செய்யும். பிறகு மிதமான சூட்டில் மறுபடி காய்ச்சிக் கடினத்தைக் கொஞ்சம் இறக்குவார்கள். இந்த இரண்டாம் சூட்டில்தான் பதம் அமைகிறது.

அலகு கூர் தாங்க வேண்டும், எனவே கடினத்தைக் குறைவாக இறக்குவார்கள். ஸ்பிரிங் ஆயிரம் முறை வளைந்தாலும் பழைய இடத்துக்கு மீள வேண்டும், எனவே அதிகமாக இறக்குவார்கள். ஒரே எஃகிலிருந்து இரண்டு குணங்களைப் பிறப்பிக்கும் இந்த நுட்பத்தைத்தான் நான் மடக்குக் கத்தியின் உயிர் என்று நினைக்கிறேன். பதம் தப்பிய ஸ்பிரிங் ஒன்று சோர்ந்துபோகும், இல்லையென்றால் ஒருநாள் ஒடியும்.

நல்ல ஸ்பிரிங்கைத் தேடிய ஒருவர்தான் ஷெஃபீல்டின் வரலாற்றையே மாற்றினார். ஷெஃபீல்டு இங்கிலாந்தின் கத்தித் தொழில் நகரம். அங்கே கத்திக் கைவினைஞர்களின் சங்கம் 1624இலேயே அமைந்துவிட்டது. 1740களில் பெஞ்சமின் ஹன்ட்ஸ்மன் என்ற கடிகாரத் தொழிலாளி, கடிகார ஸ்பிரிங்குக்குச் சீரான எஃகு கிடைக்காததால், எஃகை மூசையில் (உலோகம் உருக்கும் கலத்தில்) இட்டு உருக்கி வார்க்கும் முறையை அங்கே நிலைநிறுத்தினார். உள்ளூர்க் கத்திக்காரர்கள் ‘இது மிகவும் கடினம், அடிக்க வராது’ என்று முதலில் மறுத்தார்கள். அவர் அதைப் பிரான்சுக்கு விற்றார். அந்த எஃகில் செய்த கத்திகள் திரும்பி வந்து போட்டியிட்ட பிறகே ஷெஃபீல்டு மனம் மாறியது.

மூசையில் எஃகு ஆக்கும் வழியைத் தென்னிந்தியாவும் இலங்கையும் அதற்குப் பல நூற்றாண்டுகளுக்கு முன்பே அறிந்திருந்தன. ஐரோப்பாவில் அந்த எஃகை ‘வூட்ஸ்’ என்றார்கள். 1795இல் ஜார்ஜ் பியர்சன் லண்டன் ராயல் சொசைட்டியில் அதைப் பற்றி ஆய்வுரை படித்தார். அந்தச் சோதனைகளுக்காக வூட்ஸ் எஃகை அடித்துப் பேனாக்கத்தி (சிறிய மடக்குக் கத்தி) செய்து பார்த்தவர் ஜேம்ஸ் ஸ்டோடார்ட் என்ற லண்டன் கத்திக் கைவினைஞர். ஐரோப்பாவின் சிறந்த எஃகைவிட இதுவே மேல் என்று தம் வணிக அட்டையிலேயே அச்சிட்டுக்கொண்டார். பின்னாளில் மைக்கேல் ஃபாரடேயோடு சேர்ந்து எஃகுக் கலவைகளை ஆராய்ந்தவரும் அவரே. மடக்குக் கத்தியின் கதையில் நம் பக்கத்துக்கு உள்ள உண்மையான உறவு இது. சொல்லப்பட வேண்டியது.

கறுப்பு வேறு, துரு வேறு

கார்பன் எஃகு அலகால் ஓர் எலுமிச்சையையோ மாங்காயையோ வெட்டிவிட்டுச் சிறிது நேரம் விட்டால் நீலமும் சாம்பலும் கலந்த கறை படியும். புதிதாக வாங்கியவர் பதறிப்போய் அதைச் சாம்பல் போட்டுத் தேய்ப்பார். தேவையே இல்லை. பழத்தின் அமிலம் எஃகின் மேற்பரப்போடு வினைபுரிந்து உண்டாக்கிய மெல்லிய கரும்படலம் அது. அதற்குப் பட்டினா என்று பெயர். அது எஃகோடு ஒட்டிக்கொண்டு, செந்துரு ஏறும் வேகத்தைக் குறைக்கிறது.

செந்துரு அப்படியல்ல. அது பொடிப்பொடியாக உதிரும், ஈரத்தை உள்ளே இழுக்கும், அடியில் குழி பறிக்கும். விரலால் தடவினால் செம்பழுப்பாக ஒட்டிக்கொண்டால் துரு, ஒட்டாமல் வழவழப்பாக இருந்தால் பட்டினா. பட்டினா இருக்கிறதே என்று ஈரத்தோடு மடக்கி வைத்தால் துருவும் வரும். சென்னை, யாழ்ப்பாணம் போன்ற கடலோர ஊர்களில் இன்னும் சீக்கிரம் வரும்.

எவர்சில்வர் அலகில் இந்தத் தொல்லை குறைவு. 1913இல் ஷெஃபீல்டில் ஹாரி பிரியர்லி, துப்பாக்கிக் குழல் தேய்மானத்துக்குத் தீர்வு தேடும்போது, சுமார் 13 சதவீதம் குரோமியம் கலந்த எஃகை வார்த்தார். குரோமியம் காற்றோடு சேர்ந்து கண்ணுக்குத் தெரியாத படலம் போட்டு அலகைக் காக்கிறது. கார்பன் எஃகு எளிதில் சாணை ஏறும், வயதைத் தன்மேல் காட்டும். எவர்சில்வர் கவலையில்லாமல் சமையலறையில் கிடக்கும். இரண்டில் ஒன்று மட்டம் என்று பேசுவதில் பொருளில்லை.

இதுவரை பார்த்ததில் மனதில் வைக்க வேண்டியது: அலகு கடினம், ஸ்பிரிங் நெகிழ்வு, கருமை அழுக்கல்ல, செம்மை ஆபத்து.

கையில் எடுத்துப் பார்க்கும்போது

சேகரிப்பவர்கள் ‘வாக் அண்ட் டாக்’ என்று சொல்வதைக் கேட்டிருக்கலாம். அலகு திறக்கும்போது சீராக நகர்வது வாக். கடைசியில் அறையும் சத்தம் டாக். சத்தம் கூர்மையாக, ஒரே தட்டாக இருந்தால் ஸ்பிரிங்கும் டாங்கும் சரியாகப் பொருந்தியிருக்கின்றன. மந்தமாக இருந்தால் ஸ்பிரிங் சோர்ந்திருக்கலாம். உள்ளே அழுக்கு மண்டியிருக்கவும் கூடும், எனவே சுத்தம் செய்துவிட்டு மறுபடி கேட்டுப் பார்ப்பதே நியாயம்.

அடுத்து, முதுகை விரலால் தடவுங்கள். மடங்கிய நிலையிலும் விரிந்த நிலையிலும் ஸ்பிரிங், பக்கத்து உள்தகடுகளோடு ஒரே மட்டத்தில் இருக்க வேண்டும். ஸ்பிரிங்குக்கும் பிடித்தட்டுகளுக்கும் இடையே உள்ள இந்த உலோகத் தகடுகள் பெரும்பாலும் பித்தளை. கத்தியை வெளிச்சத்துக்கு எதிரே பிடித்தால் இவற்றுக்கிடையே ஒளிக்கீற்று தெரியக்கூடாது. கொஞ்சம் தெரிந்தால் கத்தி வீணல்ல, ஆனால் விலை பேசலாம். விரித்த அலகைப் பக்கவாட்டில் அசைத்துப் பாருங்கள். ஆட்டம் இருந்தால் சுழலாணி தேய்ந்திருக்கிறது.

டாங்கின் முன்பக்கம் சின்னதாக ஒரு மேடு இருக்கும். மடக்கும்போது இந்த மேடு ஸ்பிரிங்கில் முட்டி நின்று, கூர்வாய் ஸ்பிரிங்கைத் தொடாமல் காக்கிறது. பழைய கத்திகளில் இது தேய்ந்திருந்தால் அலகு ஒவ்வொரு முறை மூடும்போதும் கூர்வாய் எஃகில் மோதி மழுங்கும். அதனால் அலகைப் படாரென்று அறைந்து மூடும் பழக்கம் வேண்டாம். விரலால் தாங்கி இறக்குங்கள்.

பழைய கத்தி என்றால் அலகின் அகலத்தையும் கவனியுங்கள். பலமுறை சாணை பிடித்துப் பிடித்து அலகு ஈர்க்குச்சியாகிப்போன கத்திகள் சந்தையில் நிறையக் கிடைக்கும். எவ்வளவு நல்ல பெயர் பொறித்திருந்தாலும் அதற்குப் பெரிய விலை கொடுக்காதீர்கள். பளபளவென்று பஃபிங் செய்த பழைய அலகை அதைவிட அதிகமாகச் சந்தேகிக்க வேண்டும். மெருகேற்றும் சக்கரம் முத்திரையின் ஓரங்களை மழுக்கிவிடும், கத்தியின் வயதுக்கு இருந்த சாட்சியே போய்விடும்.

பெயரும் முத்திரையும்

லாகியோல் என்பது ஒரு கம்பெனி என்று நம்பி வாங்குகிறவர்கள் ஏராளம். அது பிரான்சின் அவெரான் பகுதியில் உள்ள ஒரு கிராமம். அங்கே 19ஆம் நூற்றாண்டில் உருவான, ஸ்பிரிங்கின் தலையில் தேனீ அமர்ந்த ஒயிலான கத்தி வடிவத்துக்கும் அதே பெயர். அந்தப் பெயரை எங்கெங்கோ செய்யும் மலிவுக் கத்திகளிலும் பொறித்து விற்கிறார்கள். தேனீயைப் பார்த்து விலை கொடுக்காமல், செய்தவர் யார் என்று கேளுங்கள். பிரான்சில் செய்யும் நல்ல லாகியோல்களில் பெரும்பகுதி தியேர் என்ற கத்தி நகரத்திலிருந்து வருபவை. ஜெர்மனியின் சோலிங்கன் பெயருக்கோ சட்டப் பாதுகாப்பு உண்டு. அந்த ஊர்ப் பெயரைத் தாங்கும் கத்தி அங்கே உருவாகியிருக்க வேண்டும்.

அமெரிக்காவின் பென்சில்வேனியாவில் இருக்கும் கேஸ் நிறுவனத்தின் கத்திகளைப் பலர் தேடிச் சேர்ப்பதற்கு முக்கியக் காரணம், அவற்றின் வயதைப் படித்துவிட முடியும் என்பதுதான். 1970இல் டாங்கில் பத்துப் புள்ளிகள் இட்டார்கள். ஆண்டுக்கு ஒரு புள்ளியைக் குறைத்துக்கொண்டே வந்தார்கள். 1979இல் மிஞ்சியது ஒன்று. மாதிரி எண்ணும் பேசும். 6254 என்றால் 6 எலும்புப் பிடி, 2 இரண்டு அலகு, 54 ட்ராப்பர் என்ற வடிவம். 3318 என்றால் மஞ்சள் நிறச் செயற்கைப் பிடி, மூன்று அலகு, ஸ்டாக்மன் வடிவம். ஸ்டாக்மன் கால்நடை வளர்ப்பவர்களுக்கான கத்தி. அதன் மூன்று அலகுகளில் மொட்டை முனையுள்ள ஒன்று, காயடிக்கும்போது முனை தவறிக் குத்திவிடாமலிருக்க அப்படி வடிக்கப்பட்டது.

பிடியைப் பற்றி இரண்டு வார்த்தை. எலும்புப் பிடி பெரும்பாலும் மாட்டின் கால் எலும்பு, கொத்திச் சாயம் ஏற்றியது. மான் கொம்பின் சொரசொரப்பைப் போலச் செய்யவே அந்தக் கொத்து வேலை. ஷெஃபீல்டின் பழைய கொம்புப் பிடிகளுக்கு இந்தியக் கடமானின் கொம்பு கப்பலேறிப் போயிற்று. இந்தியா பிற்பாடு அந்த ஏற்றுமதியைத் தடைசெய்தது. இங்கே மான் கொம்புப் பொருளை வாங்கி விற்பது வனவிலங்குச் சட்டச் சிக்கலில் கொண்டுபோய் விடும், தொடாமலிருப்பதே நல்லது. பழைய செல்லுலாய்டு பிடிகளிடமும் எச்சரிக்கை தேவை. அவை சிதையத் தொடங்கினால் அமில ஆவியை விடும். அது சொந்த அலகையும் அதே பெட்டியில் இருக்கும் மற்றக் கத்திகளையும் அரித்துவிடும். அவற்றைத் தனியாக, காற்றோட்டமாக வையுங்கள்.

எதில் தொடங்கலாம்?

பழைய கத்தியில் தொடங்க வேண்டாம் என்பதே என் கருத்து. முதலில் ஒரு விக்டோரினாக்ஸ் வாங்கிக் கையாளுங்கள். சுவிட்சர்லாந்தின் ஈபாக்கில் கார்ல் எல்ஸ்னர் 1897இல் பதிவுசெய்த, ராணுவ அதிகாரிகளுக்கான கத்தியின் வாரிசு அது. ஆறு கருவிகளை இரண்டே ஸ்பிரிங்குகள் தாங்கும்படி அவர் அமைத்தார். அதன் பேனாக்கத்தி அலகைத் திறந்து மூடும்போது ஸ்பிரிங் உயர்ந்து தாழ்வதைக் கண்ணாலேயே பார்க்கலாம். நல்ல ஸ்லிப்ஜாயிண்ட் எப்படி இருக்கும் என்று கைக்குப் பழகிய பிறகு, கார்பன் எஃகு அலகுள்ள ஒன்றை எடுத்துப் பழம் வெட்டிப் பட்டினா ஏறவிடுங்கள். சந்தையில் பழையதைத் தேடுவது அதற்கப்புறம்.

பராமரிப்பு அதிகம் இல்லை. பயன்படுத்தியதும் துடைத்து உலர்த்துங்கள். சுழலாணியில் எப்போதாவது ஒரு சொட்டு, உணவுக்கு ஏற்ற மினரல் ஆயில் விட்டுச் சிலமுறை திறந்து மூடினால், கறுத்த அழுக்கு வெளியே வரும், அதைத் துடைத்துவிடுங்கள். தேங்காயெண்ணெய் போன்ற சமையல் எண்ணெய்கள் நாளடைவில் பிசினாகி மூட்டை அடைத்துவிடும். தோல் உறைக்குள் போட்டு மாதக்கணக்கில் அலமாரியில் வைக்காதீர்கள், தோல் ஈரத்தைப் பிடித்துவைக்கும். பருத்தித் துணியில் சுற்றி, மழைக்காலத்தில் மட்டும் சிலிக்கா ஜெல் பை ஒன்றைப் பக்கத்தில் போட்டுவைத்தால் போதும்.